விசில் கைமாறிய சனிக்கிழமை

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்தே வயிற்றைக் கழுவியவள் அவள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் வைத்த பேர் ‘பிரேக் மேடம்’. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு. அவளிடம் படித்தவர் எவரும் எதிலும் போய் முட்டியதில்லை. சாலையில் நல்ல குணம் வீட்டிலும் நல்ல குணமா என்று கேட்க அவளுக்கு ஒரே ஒரு தங்கைதான். அவளும் நர்ஸ் வேலைக்கு வேறு தேசம் போய்விட்டாள். போகும்போது தன் மகளை அக்காவிடம் விட்டுப் போனாள்.

பன்னிரண்டு வயதுப் பெண். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருந்தாள். சாப்பிட்டாயா என்றால் “ம்”. படித்தாயா என்றால் அதே “ம்”. கல்யாணம், குழந்தை எதையும் பழகாத பெரியம்மா தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். சின்ன வயதில் அவள் பாஸ்கெட்பால் ஆடியவள். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த கோர்ட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அப்போதுதான் வேலை மாறிப் போயிருந்தார். “சனிக்கிழமை காலையில நான் பாத்துக்கறேன்” என்று விசிலை வாங்கிக்கொண்டாள். பந்துக்குப் பின்னால் ஓடினால் தங்கை மகளின் வாய் தானாகத் திறக்கும் என்பது அவள் கணக்கு.

கணக்கு தப்பியது. முதலில் ஓட்டம், அப்புறம் பந்து தட்டுவது, பாஸ், ஷூட்டிங், நேரம் மிஞ்சினால் ஆட்டம் என்று திட்டம் போட்டிருந்தாள். நேரம் மிஞ்சியதே இல்லை. ஒரு பிள்ளை பந்தை வாங்கி நாலு தட்டு தட்டுவதற்குள் விசில். “நில்லு. முட்டியை மடக்கு. பந்தைப் பாக்காதே, எதிர்ல இருக்கற ஆளைப் பாரு.” அடுத்த பிள்ளை வந்தால் மறுபடி விசில். மற்றவர்கள் வரிசையில் நின்று ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்கள். அவள் சொன்னது அத்தனையும் சரி. சரியாகவே பேசுகிறவர்களிடம் எத்தனை நேரம்தான் நிற்க முடியும்? வாரத்துக்கு வாரம் கூட்டம் தேய்ந்தது. ஒரு சிறுமிக்குச் சனிக்கிழமை தோறும் தவறாமல் வயிற்றுவலி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் தங்கை ஃபோன் செய்தாள்.

“அக்கா, தப்பா நினைக்காதே. அவ ஹாஸ்டல்ல சேர்றேங்கறா. இந்த டெர்ம் முடிஞ்சதும் சேத்துடலாமா?”

“ஏனாம்?”

“சொல்லமாட்டேங்கறா. உனக்கும் சிரமம்தானே.”

“சிரமம்னு நான் சொன்னேனா?” என்று அதட்டி ஃபோனை வைத்தாள். சிங்க்கில் கிடந்த பாத்திரங்களைக் கழுவி முடித்து, ஏற்கெனவே கழுவி அடுக்கியிருந்ததையும் எடுத்துப்போட்டுக் கழுவினாள். மேஜையில் இரண்டாவதாக ஒரு தட்டு வைப்பது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதைப் போய் யாரிடம் சொல்வது?

அடுத்த சனிக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட் இழுத்துக்கொண்டு போனதில் கோர்ட்டுக்கு வர நேரமாகிவிட்டது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கமே சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நடுக் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தது, வேறு யார், அந்த ஊமைக்கோட்டான்தான். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள்.

“நில்லு! முட்டி எங்கே? வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?” இடுப்பில் ஒரு கை. ஒரு தோள் மட்டும் இறங்கிய நிற்பு. பேசுவதற்கு முன் மூக்கை ஒரு உறிஞ்சு. அச்சு அசல் பெரியம்மா. கொக்கு என்று எல்லாரும் கூப்பிடும் நெட்டைப் பையன் தரையில் விழுந்து புரண்டான்.

பெரியம்மாவுக்குச் சுருக்கென்றது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்குள் கொக்கு எழுந்து, சிரித்துக்கொண்டே முட்டியை மடக்கிப் பந்தை எறிந்தான். கூடைக்குள் விழுந்தது. அவள் ஒரு மாதமாகக் கத்தியும் மடங்காத முட்டி அது. இன்னொன்றும் உறைத்தது. தான் மூக்கை உறிஞ்சுவது அவளுக்கே தெரியாது. இத்தனை உன்னிப்பாக அவளை யாரும் பார்த்ததில்லை. “ம்” கொட்டிக்கொண்டே இந்தப் பெண் இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கோபப்பட வேண்டியவள், மெதுவாக மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டாள்.

கேட்டைத் தள்ளியதும் கப்சிப். சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. பெரியம்மா வழக்கம்போல வரிசை கட்டச் சொன்னாள். வீட்டுக்குப் போயும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க, சிக்னலில் யாராவது வண்டியை அணைத்துவிட்டுத் திணறும்போதெல்லாம் அவள் மனசு கோர்ட்டில் இருந்தது.

மறு சனிக்கிழமை விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.

“இன்னிக்கு வரிசை கிடையாது. மூணு மூணு பேராப் பிரிஞ்சு ஆட்டம்தான். ஆளுக்குக் கொஞ்ச நேரம் நீங்கதான் நான். என்னை மாதிரியே நிக்கலாம், கத்தலாம். ஆனா விசில் அடிச்சா ஒரே ஒரு தப்புதான் சொல்லணும். அது நெஜத் தப்பா இருக்கணும். சொல்லிட்டு ஆட்டத்தை விட்டுடணும். விசில் வச்சிருக்கறவங்களுக்குப் பதிலா நான் ஆடறேன்.”

யாரும் நகரவில்லை.

“மூக்கையும் உறிஞ்சலாம்” என்றாள்.

கொக்கு முதலில் வெடித்துச் சிரித்தான். அவன்தான் விசிலையும் வாங்கினான். தப்பைக் கண்டுபிடிக்க வேண்டுமே, அதனால் எல்லாரும் ஒருவர் காலை ஒருவர் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். முறை வந்தபோது சின்னவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். கொக்கு விசிலை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினான். பெரியம்மாவுக்கு அதற்குள் மூச்சு வாங்கியது. பந்து கைக்கு வந்த அவசரத்தில் தட்ட மறந்து, அதை அணைத்துக்கொண்டே நாலு எட்டு ஓடிவிட்டாள்.

விசில் காதைக் கிழித்தது.

“பெரியம்மா! பந்தைத் தட்டாம எங்கே ஓடறே? லைசென்ஸ் கேன்சல்!”

சிரிப்பில் கோர்ட்டே அதிர்ந்தது. பெரியம்மா பந்தைக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் சின்னவள் அந்த ஓட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நிறுத்தவே இல்லை. வயிற்றுவலிச் சிறுமியும் மறு வாரமே திரும்பி வந்து சேர்ந்தாள்.

ஆனால் ஹாஸ்டல் பேச்சு அப்படியேதான் நின்றது. பெரியம்மா அதைக் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று பதில் வந்துவிட்டால்?

டெர்ம் முடிகிற வாரம். சாப்பாட்டு மேஜையில் சனிக்கிழமைத் திட்டம் விரிந்து கிடந்தது. சின்னவள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். “எடுத்ததும் சும்மா எதுக்கு இவ்வளவு நேரம் ஓடணும்? பந்தைத் தட்டிக்கிட்டே ஒருத்தரை ஒருத்தர் துரத்தட்டும். அதுவும் ஓட்டம்தானே?” பெரியம்மா யோசிப்பதற்குள் ஃபோன் அடித்தது. சின்னவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஹாஸ்டல்ல இடம் இருக்காம்டி. நாளைக்குள்ள சொல்லணுமாம்” என்றாள் தங்கை.

பெரியம்மாவுக்கு எழுந்து உள்ளே போய்விட வேண்டும்போல இருந்தது. திட்டத் தாளை நேராக்கி நேராக்கி வைத்தாள்.

“அங்க சனிக்கிழமை வெளியே விடுவாங்களாம்மா?”

“விடமாட்டாங்க.”

“அப்ப வேண்டாம்.”

“நீதானேடி கேட்டே?”

“கேட்டேன்தான். இப்ப எப்படிம்மா போறது? பெரியம்மாவுக்குத் தனியா பிராக்டிஸ் நடத்தத் தெரியலை. ஒரு வாரம் நான் இல்லைன்னா எல்லாத்தையும் கெடுத்து வச்சிடுவாங்க.”

தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல சேதியைப் பெரியம்மா தன் காதால் கேட்டதில்லை. அழுதாள். மறைக்கவும் முயலவில்லை. ஃபோனில் தங்கை “அக்கா? அக்கா, இருக்கியா?” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

சின்னவள் பென்சிலைப் பெரியம்மாவிடம் நீட்டினாள். “அழுகையெல்லாம் அப்புறம். ஷூட்டிங் எப்ப வைக்கலாம், அதைச் சொல்லு.”