எனக்காகக் கத்துங்கோ

துறைமுகம் தெரியும் அந்தப் பிரசவ வாட்டில் அவள் எனக்கு அடுத்த கட்டில். போர்த்துக்கீசர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவள். சுருண்ட முடி, மினுங்கும் கறுப்பு. வயிற்றைத் தடவியபடி எந்நேரமும் துள்ளலான பைலாப் பாட்டு முணுமுணுப்பாள்.

ஒரு மத்தியானம் பாட்டு நின்றது.

"மிஸி, இரத்தம் போகுது!"

தாதி திரும்பவில்லை. "நீங்கள் எல்லாம் நோவைத் தாங்குற ஆக்கள்தானே, பொறு."

அவள் என் கையைப் பிடித்தாள். "எனக்கு வரமாட்டினம் அக்கா. எனக்காக நீங்கள் கத்துங்கோ."

கத்தினேன். தாதி ஓடிவந்தார், என் கட்டிலுக்கு. நான் அவளைக் காட்டினேன்.

தாயும் மகளும் பிழைத்தார்கள். "உங்கட சத்தத்துக்குப் பிறந்தவள்" என்று சிரித்தாள்.

இப்போதும் எங்காவது பைலா கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன். அவள் பெயர் தெரியாது. அந்த வாட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.