தாழ்வு மண்டலமும் ஒரு மெலிந்த அமெரிக்க நாவலும்

"சின்ன புக்குதாம்மா. ஒரு வாரத்துல முடிச்சிடலாம்" என்று சொல்லித்தான் துறைத் தலைவர் அந்த நாவலை என் தலையில் கட்டினார். அது 2008. கடலூரில் ஒரு கல்லூரியில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி இரண்டாவது வருடம். இரண்டாம் ஆண்டு இலக்கிய மாணவர்களுக்கு அமெரிக்க இலக்கியம் என்று ஒரு தாள், அதில் கடைசிப் பாடமாக இந்த நாவல். போன நூற்றாண்டின் முப்பதுகளில், நாடு முழுக்க வேலை இல்லாமல் திண்டாடிய காலத்தில், பண்ணை பண்ணையாகப் போய்க் கூலி வேலை செய்யும் இரண்டு நண்பர்களின் கதை. ஒருவன் சின்ன உடம்பு, நல்ல சூட்டிகை. இன்னொருவன் ஆள் மலை மாதிரி, மனசு குழந்தை மாதிரி. என்றாவது ஒருநாள் தங்களுக்கென்று கொஞ்சம் நிலம் வாங்கிவிட வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை. மெலிந்த புத்தகம்தான். ஒரு சனிக்கிழமை மதியம் ஒரே மூச்சில் படித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த பிறகே என்னால் அடுப்பைப் பற்ற வைக்க முடிந்தது.

எங்கள் வீடு சிதம்பரத்தில். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்ததால் தினமும் பஸ்தான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இறங்கினால்தான் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்து பையை மடியில் வைப்பதற்குள் கடலூர் வந்துவிடும். ஆகவே பாடத் தயாரிப்பு எல்லாம் கம்பியைப் பிடித்து நின்றபடி, மனதுக்குள்தான். அந்தக் காலத்தைப் பற்றி ஒரு அறிமுகம், அதற்குப் பிறகு கதை என்று பக்காவாகத் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அக்டோபர் மாதம், வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. கரும்பலகையில் ஆங்கிலத்தில் 'கிரேட் டிப்ரஷன்' என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டுத் திரும்பி, "இதைக் கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

மொத்த வகுப்பும் கை தூக்கியது. எனக்கு ஒரே பெருமை.

"சொல்லுங்க, என்னது?"

"வங்காள விரிகுடாவுல வருமே, அது மேடம்."

"சாதா டிப்ரஷன்னா ஒரு நாள் லீவு. கிரேட்டுன்னா மூணு நாளாவது வுடுவாங்க."

"கலெக்டர் சொல்லிட்டாரா மேடம்? எப்ப கெளம்பலாம்?"

கடலூர்ப் பிள்ளைகளிடம் போய் அந்த வார்த்தையைக் கேட்டது என் புத்தி. டிவியில் வானிலை அறிக்கை கேட்டே அதைக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். சரிந்த பங்குச் சந்தை, மூடிய வங்கிகள், மண் காற்றோடு பறந்துபோன வயல்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர்கள் முகத்தில் லீவு கைநழுவிப் போன வருத்தம்தான் தெரிந்தது. "இது பணத்துக்கு வந்த தாழ்வு மண்டலம்னு வெச்சுக்கோங்க" என்றேன் கடைசியில். அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அந்த வருடம் அமெரிக்காவில் மறுபடியும் ஏதோ கவிழ்ந்துகொண்டிருந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து, எப்போது சேர்வது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன்கள் சிலருக்கு இருந்தார்கள். "அப்ப எங்க அண்ணன் அந்த மண்டலத்துலதான் மாட்டிக்கிட்டான் மேடம்" என்றான் ஒருவன்.

மறுநாள் நெல்லிக்குப்பத்துப் பையன் என்னிடம் வந்தான். கட்டையான உருவம், முதல் பெஞ்சு. அவன் அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டுகிறவர். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஆள் கிடையாது. இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனப்பாடம் செய்தே ஆங்கிலம் கற்றவன். மற்றவர்கள் மஞ்சக்குப்பத்துக் கடையில் நோட்ஸ் வாங்கிக்கொண்டபோது, அவன் மட்டும் நாவலையே வாங்கியிருந்தான்.

"மேடம், இந்த புக்குல பிரிண்டிங் மிஸ்டேக் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். முதல் அத்தியாயம் முழுக்கச் சிவப்பு மை. அந்தக் கூலித் தொழிலாளிகள் பேசுகிற கொச்சை ஆங்கிலம் ஒரு வரி விடாமல் திருத்தப்பட்டிருந்தது. ஒருமை எழுவாய்க்குப் பன்மை வினை வந்த இடத்தில் வட்டம். ஒரே வாக்கியத்தில் இரண்டு 'இல்லை' வந்த இடத்தில் ஒன்றின்மேல் கோடு. ஓரத்தில் சரியான வடிவம் அழகான கையெழுத்தில். நான் சிரித்துவிடாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டேன்.

"உங்க அப்பா வண்டிய எடுக்கும்போது வூட்டுல என்ன சொல்லிட்டுக் கெளம்புவாரு?"

"ஆலைக்குப் போறேன்னு சொல்வாரு."

"'நான் ஆலைக்குச் செல்கிறேன்'னு சொன்னா?"

"அம்மா பயந்துடுவாங்க மேடம்."

வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு தன் சிவப்பு மையை வேறு கண்ணோடு பார்த்தான். "அப்ப இது தப்பில்லையா?" என்று கேட்டபோது அவன் குரலில் ஏமாற்றம்கூட இருந்தது. அவ்வளவு உழைத்திருந்தான், பாவம்.

அங்கேதான் எனக்கு வழி கிடைத்தது. "இந்தப் பேச்செல்லாம் நம்ம ஊர்ல இருந்தா எப்படி இருக்கும்? மாத்திக் கொண்டு வாங்க" என்றேன். யார் படிப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. நெல்லிக்குப்பத்துப் பையனுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒட்டிக்கொண்டு உட்காரும் நண்பன் ஒருவன் உண்டு. சிப்காட் பக்கத்துக் கிராமம். ஆறடிக்கு மேல் உயரம், பெஞ்சுக்குக் கீழே கால் கொள்ளாமல் எப்போதும் வழியில் நீட்டிக்கொண்டு இருப்பான். வாயைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை. பதினொன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒன்றாகப் படிக்கிறவர்கள். கதையைச் சொன்ன முதல் நாளே வகுப்பு அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டது. அவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வகுப்பில் இருவரும் எழுந்து நின்று, கதையில் நிலத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும் இடத்தைத் தாங்கள் எழுதி வந்தபடி படித்தார்கள்.

"மச்சான், நெலத்தப் பத்திச் சொல்லுடா."

"நேத்துதானடா சொன்னேன்."

"இன்னிக்கிச் சொல்லல இல்ல."

"கெடிலம் ஆத்துக்குப் பக்கத்துல ஒரு காணி. போர் போட்டா கைக்கெட்டுற தூரத்துல தண்ணி. கோழி நீதான் பாத்துக்கற. பூனைய உள்ள வுடக் கூடாது."

"வுட மாட்டேன் மச்சான். சத்தியமா வுட மாட்டேன்."

பெரியவன் அந்தக் கடைசி வரியை நிஜமாகவே சத்தியம் செய்வதுபோல் சொன்னான். வாய் திறக்காத பிள்ளைக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

அடுத்து எழுந்தது திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண். பட்டென்று பேசுகிறவள். "எனக்கு ஒண்ணு புரியல மேடம். நெலத்துக்கு எதுக்கு இந்த ரெண்டு பேரும் இப்படிப் பறக்குறாங்க? எங்க வூட்டுல நெலம் இருக்குது. எங்க அண்ணனுக்குப் பொண்ணு கேட்டுப் போற எடத்துல எல்லாம், பையன் என்ன பண்றான்னு கேக்கறாங்க. விவசாயம்னதும் காப்பி குடிச்சிட்டுப் போங்கன்றாங்க."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் கட்சி அவள் பக்கம்தான் சேர்ந்தது. ஒவ்வொருவராக எழுந்து, தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னார்கள். ஒருத்திக்கு பேங்க் வேலை. ஒருவனுக்கு ஏசி ரூம், அதில் என்ன வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. டீச்சர், துபாய், போலீஸ். நிலம் வேண்டும் என்று ஒரு ஆள் சொல்லவில்லை. நான் கண்ணீர் விட்ட நாவலின் அச்சாணியே கழன்று உருண்டு போய்க்கொண்டிருந்தது.

பெரியவன்தான் மெதுவாக எழுந்தான். "இவுங்க நெலத்துக்காக அலையலன்னு நெனைக்கிறேன் மேடம். வேற வேற ஊர்ல வேல கெடச்சா ரெண்டு பேரும் பிரிஞ்சுடுவாங்க. சொந்தமா ஒரு எடம் இருந்தா ஒண்ணாவே இருக்கலாம் இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். திட்டக்குடிப் பெண் கொஞ்சம் யோசித்து, "அப்படின்னா சரி" என்றாள். என் அறிமுக உரை எதுவும் செய்யாததை அந்த ஒரு பேச்சு செய்தது. அன்று சாயந்திரமே வகுப்பில் பாதிப் பேர் புத்தகம் வாங்கிவிட்டார்கள்.

அதற்குள் நிஜமான தாழ்வு மண்டலம் வந்து சேர்ந்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. லீவுக்கு மேல் லீவு. சாலையில் தண்ணீர் ஏறி சிதம்பரம் பஸ்ஸே ஓடாத நாட்களும் உண்டு. மழை விட்டபோது தேர்வு நெருங்கியிருந்தது, நாவலில் கடைசிப் பகுதி பாக்கி. "ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வர முடிஞ்சவங்க வாங்க" என்றேன். நாலைந்து பேர் வருவார்கள் என்று நினைத்தேன். பஸ்ஸிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டியே இறங்கி வந்தது. செருப்புகள் வாசல் தாண்டித் தெரு வரைக்கும் கிடந்தன.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிப்பேன், தமிழில் விளக்குவேன், பேச்சு வரும் இடத்தில் நண்பர்கள் இருவரும் நெல்லிக்குப்பத்துத் தமிழில் பேசுவார்கள். சமையலறையில் என் மாமியார் எல்லோருக்குமாக எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. பார்த்தால், சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"அந்தப் பெரிய புள்ள யாரையும் வேணும்னு அடிக்கலையே?"

"இல்ல அத்தை. அவன் பலம் அவனுக்கே தெரியாம ஒரு பொண்ணு செத்துடுச்சு. இப்ப ஊரே அவனத் தேடுது."

"அவன் சினேகிதன் எங்க போனான்? அவன் வந்தா காப்பாத்திடுவான்."

கடைசிப் பக்கங்களைப் படித்தேன். சினேகிதன் வருகிறான். மற்றவர்கள் கையில் சிக்கிச் சித்திரவதைப்படக் கூடாது என்று, அந்த நிலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து, தன் நண்பனைத் தானே கொன்றுவிடுகிறான். நெல்லிக்குப்பத்துச் சிறியவன் தன் வரிகளைப் படிக்க வேண்டிய இடம் வந்தது. தாளைப் பார்த்தான், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "நீங்களே படிச்சிடுங்க மேடம்" என்றான்.

முடித்ததும் முதலில் பேசியது என் மாமியார். நேராகச் சிறியவனிடம் போனார்.

"ஏன்டாப்பா, உனக்கு வேற வழியே தெரியலையா? ரெண்டு பேரும் சேந்து ஓடிப்போயிருக்கக் கூடாதா?"

"நான் இல்லம்மா! புக்குல அப்படி இருக்கு!"

"புக்குல இருந்தா? அத்தன நாள் கூட இருந்தவன்தானே நீ?"

திட்டக்குடிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. அதைப் பார்த்து மற்றவர்களும் சிரிக்க, கூடமே ஒரே கலவரம். அவன் செய்தது சரி என்று ஒரு கூட்டம், தப்பு என்று ஒரு கூட்டம். மாமியார் இரண்டாவது கூட்டத்துக்குத் தலைமை. தனிமை என்ற கருப்பொருள் பற்றி நான் தயார் செய்து வைத்திருந்த கேள்விகளை எடுக்கவே இல்லை. அவர்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைவிட நன்றாக.

பெரியவனைக் காணோம் என்று அப்போதுதான் கவனித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். சிறியவன் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றான். தோளில் கை போடப் பார்த்தான், எட்டவில்லை, சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"கததான்டா மச்சான்."

"தெரியும் போடா."

"சோறு ஆறுது. வா."

வந்தார்கள். பெரியவன் மூன்று முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டான். என் மாமியார் அவனுக்கு மட்டும் அப்பளம் தனியாகப் பொரித்துப் போட்டதை யாரும் தட்டிக்கேட்கவில்லை.

தேர்வில் எல்லோரும் தேறினார்கள். அடுத்த வருடம் புதிய இரண்டாம் ஆண்டு வகுப்பு. மறுபடியும் மழைக்காலம், மறுபடியும் அதே நாவல். இந்த முறை அறிமுகத்தை ஆரம்பிப்பதற்குள்ளேயே முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி சொன்னாள்: "கத தெரியும் மேடம். அந்த ஒசரமான சீனியர் அண்ணா சொன்னாரு."

முடிவைப் போட்டு உடைத்துவிட்டார்களா? "என்ன சொன்னாரு?"

"ரெண்டு பேரும் கஷ்டப்பட்டு கடைசியில நெலம் வாங்கிடுவாங்க. கோழிப் பண்ணை வெப்பாங்க. பெரியவருக்குக் கல்யாணம்கூட ஆவும்னு சொன்னாரு."

இடைவேளையில் பெரியவனைத் தேடிப் போனேன். மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வெளியே வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"ஏன்டா இப்படிப் பொய் சொல்லி வெச்சிருக்க?"

"உண்மையச் சொல்லிட்டா எவன் மேடம் படிப்பான்?" என்றான். கொஞ்சம் தயங்கி, "அதோட, சொல்லச் சொல்ல எனக்கே நல்லா இருந்துச்சு மேடம்" என்றான்.

நான் வகுப்புக்குத் திரும்பினேன். அந்தப் பெண் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நெலம் எந்தப் பக்கத்துல மேடம் வாங்குவாங்க?"

"படி, தெரியும்" என்றேன்.