அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தவள்

செய்தி வந்தபோது துறைமுகத்தில் ஒரு கிரேன் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். போனில் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த ஜெரால்டு. "ஏலே, பொன்செல்வி செத்துப்போயிட்டா. டெங்குவாம்." விளையாடாதே என்று திட்டினேன். அவன் அழ ஆரம்பித்தான்.

பொன்செல்வி பாலிடெக்னிக்கில் எங்கள் வகுப்பு. ஆறுமுகநேரிக்காரி. உப்பளத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தச் சொல்லி மாணவர்கள் நாங்கள் இறங்கியபோது முதலில் நின்றவள். அஞ்சலி போஸ்டரில் 'வீர மங்கை' என்று போட்டிருக்கிறார்கள். அவளோடு இருந்தவர்களுக்குத் தெரியும், அப்படியெல்லாம் கிடையாது. மைக் என்றாலே அவளுக்குப் பயம். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள்.

அளம் அளமாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். ஆறுமுகநேரியில் ஓர் அளத்துப் பெண்கள் அவளைப் பார்த்ததும் சிரித்தார்கள். "முதலாளி மகளே வந்து கேக்கா. போடலைன்னா இவ வைவா, போட்டா அவரு வைவாரு!" அது அவள் அப்பா குத்தகைக்கு எடுத்த அளம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கூலி கூடினால் முதல் அடி அவள் வீட்டுக்கு. அவள் படிப்பே அந்த உப்பில்தான் ஓடியது.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா சேத்திருப்பியளா?"

சேர்த்திருக்க மாட்டோம்.

தொழிலாளர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. பெரிய அளக்காரர்கள் தந்திரசாலிகள். தாங்கள் பேசாமல் அவள் அப்பாவை முன்னால் தள்ளினார்கள். "வியாபாரி குடுக்க விலைக்கு இந்தக் கூலி கட்டாதுய்யா" என்றவர், மகள் பக்கம் திரும்பினார். "ஏளா, சோறு போட்டவனுக்கு எதுக்கவே வந்து உக்காந்துட்டியே!" அவர்கள் பக்கம் சிரிப்பு.

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி.

"அவரு மக சார். அவரு சொல்லுதது நெசம். எங்களுக்குக் கட்டாதுதான்."

ஜெரால்டு தலையில் கைவைத்துவிட்டான். அவள் நிறுத்தவில்லை. "ஆனா இப்ப வாங்குத கூலி வெயில்ல நிக்கவங்களுக்கும் கட்டல. எங்களுக்கு விலை பத்தலைன்னா நாங்க வியாபாரிகிட்டதான் சண்டைக்குப் போணும். இவங்க வயித்துல பிடிக்கக் கூடாது."

வெளியே டீக்கடையில் கத்தினேன். "எதிராளி கேட்டதை நீயே எடுத்துக் குடுத்துட்டியே!" டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "நெசத்தை மறைச்சு வாங்குத கூலி ஒரு மாசம் நிக்காதுலே."

கடைசியில் நாங்கள் கேட்டதைவிடக் குறைவாகத்தான் கூட்டினார்கள். அதை முதலில் கொடுத்தவர் அவள் அப்பா. கொடுத்தாரே தவிர, அவளிடம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளோ விடுதியை விட்டுவிட்டு, அவர் இருக்கும் ஆறுமுகநேரி வீட்டிலிருந்தே தினமும் பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டால், "ஜன்னல் சீட்டுக்காக" என்பாள்.

அடக்கத்தன்று அளத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு அப்படியே வந்தார்கள். காலெல்லாம் உப்பு பூத்திருந்தது. அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அப்பா அவர்களைப் பார்த்தார். கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, "வந்தவங்க எல்லாருக்கும் இன்னைக்கு முழுக்கூலி போட்டுரும். இல்லைன்னா இவ என்கிட்ட சண்டைக்கு வருவா" என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைக் குனிந்து பார்த்தார். அதற்குமேல் அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு வாக்குவாதம். அவள் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கூலி இன்னும் கூடியிருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். உப்புக் காலோடு வந்து நின்ற அந்தப் பெண்களில் ஒருத்திகூட அப்படி நினைக்கவில்லை. வேலையைப் போட்டுவிட்டு அவர்கள் வந்ததிலேயே அதைப் பார்த்தேன். என் நினைப்பு, அவர்கள் நினைப்பு இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.