இஸ்மே பெத்தெல் வைத்த தட்டு

இஸ்மே பெத்தெலை நான் முதன்முதலில் சந்தித்தது 1943 மார்ச் 6, சனிக்கிழமை, காலை ஏழரை மணிக்கு. லாவண்டில் மேட்டில் என் வீட்டுச் சுவருக்கு மண் மிதிக்கும் நாள் அது. எங்கள் டிரினிடாட்டில் இதைக் கயாப் என்போம்: கூலி கிடையாது, வந்தவர் வீடு கட்டும்போது நாமும் ஒரு நாள் போயாக வேண்டும். அண்டை வீட்டார் அழைத்து வந்த அந்த அம்மையார், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் மண் குழைக்கும் குழிக்குள் இறங்கினார்.

நண்பகலில் சோளக்களி வெந்தது. யாரும் வாய் வைக்குமுன், அவர் முதல் கரண்டியை ஒரு தட்டில் இட்டு, பக்கத்தில் நீர் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, என் மேசைமேல் வைத்துவிட்டுக் குழிக்குத் திரும்பினார். எனக்கு வியப்பு. நான் பள்ளி ஆசிரியன். காரணம் கேட்காமல் இருக்க முடியாது. கேட்க வாய் திறந்தபோது கான்ஸ்டபிள் ஆலின் வாசலில் நின்றார்.

பக்கத்துச் சிறுதீவுகளிலிருந்து அனுமதிச் சீட்டில்லாமல் பிழைக்க வந்தவர்களைப் பிடித்துப் படகேற்றித் திருப்பி அனுப்புவது அந்நாளில் அவர் வேலை. துணியை விலக்கிப் பார்த்தார்.

"செத்தவங்களுக்குப் படையல். இது காரியாக்கு தீவுக்காரங்க பழக்கமாச்சே. யாரு வெச்சது?"

குழியில் இஸ்மேயின் கால்கள் நின்றன. அவரிடம் சீட்டில்லை, வாய் திறந்தால் அவருடைய தீவுப் பேச்சே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நான்தான் வெச்சேன்," என்றார் என் தாய் யூலாலி. "எங்கம்மாவுக்கு."

"உங்கம்மா இந்த ஊர்க்காரிதானே, டான்டி?" ஊராரைப் போல ஆலினும் என் தாயை அத்தை என்றே அழைப்பார்.

"செத்தா பசிக்காதா? நீ பார்படாசுலேருந்து கப்பல்ல வந்து இறங்குனியே, உன்கிட்ட யாருப்பா சீட்டு கேட்டா?"

"அப்ப சட்டமில்ல. போலீசுக்கு ஆள் வேணும்னு அவங்களே கூப்பிட்டாங்க."

"அப்ப உனக்குத் தடி. இப்ப வர்றவங்களுக்குத் தடை. அதே கடல்தானே?"

குழியிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆலின் சிரிக்கவில்லை. துணியை மறுபடி ஓரம் பிசகாமல் மூடினார். தொப்பியைக் கழற்றி, மீண்டும் அணிந்து, மேட்டிலிருந்து இறங்கிப் போனார். அவர் வீட்டிலும் அப்படியொரு தட்டு இருந்ததா என்று நான் இன்றளவும் யோசிக்கிறேன்.

இஸ்மே தங்கிவிட்டார். பதினேழு ஆண்டுகள் ஊரார் துணிகளை வெளுத்து, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை அறையில் வாழ்ந்தார். நான் ஆண்டுதோறும் கேட்பேன்: "இஸ்மே, எப்ப வீடு? உங்களுக்கு நான் ஒரு நாள் பாக்கி."

"வீடுன்னா பத்திரம், பத்திரம்னா பேரு. பேரை எழுதிட்டா தேடி வருவாங்க, வாத்தியாரே."

போருக்குப் பின் கெடுபிடி தளர்ந்தது. பலர் சீட்டு வாங்கினார்கள். அப்போதும் கேட்டேன்.

"பாக்கி இருக்கட்டும்," என்றார். "யாராவது எனக்குப் பாக்கி வெச்சிருந்தாத்தான் நான் இந்த ஊர்க்காரி."

அந்த ஒரு நாளை அவர் கடைசிவரை கேட்கவில்லை.