கல்வித் தலைப்பில் கிடைத்த மீன்

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதித்தவர், அந்தச் சம்மதத்தோடு நின்றுகொண்டார். மும்பை மாட்டுங்காவில் அவர் வீடு, தாராவியில் என் அம்மா வீடு. டாக்ஸிக்காரன் வர மறுக்கிற அளவுக்குப் பக்கம். ஆனாலும் அத்தை அங்கே ஒருநாளும் போனதில்லை. மீன் குழம்பு கொதிக்கிற வீட்டில் அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா கூப்பிடுவாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அத்தைக்கு மூட்டு வலிக்கும். எனக்கு அதில் வருத்தம் உண்டு, கோபமும் உண்டு.

அத்தை ஃபோர்ட் பகுதியில் ஓர் ஆபீசில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பழைய வேகம் விரலில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டார். விண்டோஸை இழுக்க முடியாமல் மூச்சு வாங்கிய என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். அதில் ஒரு சௌகரியம், மென்பொருள்கள் எல்லாம் ஒரே கிடங்கில் இலவசமாக, தலைப்புவாரியாக இருக்கும். வேண்டியதைத் தேடி இறக்கிக்கொள்ளலாம். நான் தேட உட்கார்ந்தேன். அத்தை கண்ணாடியைத் துடைத்தபடி மேற்பார்வை செய்தார்.

"கேம்ஸ் பக்கம் போகாதேங்கோ மாப்பிள்ளை. வயசான காலத்துல நேக்கு விளையாட்டெல்லாம் வேண்டாம்."

'அலுவலகம்' தலைப்பில் கடிதமும் கணக்கும்தான் இருந்தன. 'துணைக்கருவிகள்' தலைப்பில் கால்குலேட்டரும் கடிகாரமும். 'கல்வி'க்குள் போய் டைப்பிங் என்று தேடியதும் நாலைந்து வந்தன. அதில் ஒன்றின் படத்தில் பென்குவின் வாயைப் பிளந்து நின்றது. மேலிருந்து மீன்கள் விழுந்துகொண்டிருந்தன. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைப்பை மட்டும் படித்தார்.

"கல்வியா? அப்ப அதையே போடுங்கோ."

போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன்.

ஒவ்வொரு மீன்மேலும் ஓர் எழுத்து இருக்கும். அதைத் தட்டினால் பென்குவின் ஓடிப்போய் மீனை விழுங்கும். தட்டாவிட்டால் மீன் தரையில் விழுந்து வீணாகும். முதல் மீனைக் கண்டதுமே அத்தை கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயே! என்ன அநாசாரம் இது?"

"கல்விதான் அத்தை."

மீன்கள் விழுந்துகொண்டே இருந்தன. ஹையர் பாஸ் செய்த விரல் எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்? ஒன்றைத் தட்டினார். பிறகு இன்னொன்று. அடுப்பில் பால் பொங்கியது, என் மனைவி ஓடினாள், அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் தினமும் குளித்து, விளக்கேற்றி, மீன் ஊட்ட உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பென்குவினுக்கு இத்தனை மீன் ஊட்டுதீங்க அத்தை. எங்கம்மா கையால ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டேங்கீங்களே."

கேலியாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது அது கேலியாக இல்லை.

அத்தையின் விரல்கள் நின்றன. வந்த மீன்கள் எல்லாம் தரையில் விழுந்தன. ஆட்டம் முடிந்தது.

"உங்காத்துல மீன் என்னிக்குப் பண்ணுவா?"

"ஞாயித்துக்கிழமை. புதனும் உண்டு."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை அம்மா சைவம் அத்தை."

"அப்ப சனிக்கிழமை வரேன். காபில சக்கரை கம்மியாப் போடச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.