வச்சநாபிக்காரர் வீட்டில் கை நனைத்த கதை

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குள் பிறந்து, கேரளத்தின் பொன்முடிச் சாலையில் ஒரு விடுதிக்குத் தோட்டக்காரராகப் போன பிச்சைக்கனியின் சரித்திரம் வச்சநாபி என்ற பூச்செடியில்தான் தொடங்குகிறது. விதையை முதலாளி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார். ஒரே பாக்கெட்தான், முளைத்ததோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கூட்டுக்குடும்பம். ஒன்று முழங்காலோடு நின்றது. ஒன்று ஆளை மீறி வளர்ந்து மூங்கில் கம்பு கேட்டது. கருநீலம், வெள்ளை, வெளிறிய மஞ்சள் என்று நிறம் பல. எல்லாப் பூவும் முக்காடு போட்டிருந்தது மட்டுமே குடும்பச் சாயல்.

வேர் முதல் பூ வரை விஷம். பிச்சைக்கனிக்கு அது போதவில்லை. செல்ஃபிக்காரர்கள் பறிக்காமலிருக்கச் சொந்தச் சரக்காகக் கதையும் கட்டிவிட்டார். மஞ்சளைத் தொட்டால் மயக்கம், வெள்ளைக்கு ஆஸ்பத்திரி, நீலத்துக்கு ஆஸ்பத்திரியும் வீண்செலவு. செடி உயர உயர விஷமும் ஏறும்.

"அப்போ உங்களுக்கு?" என்பார்கள்.

"நம்ம உடம்புக்குப் பழகிப்போச்சுல்லா!"

பூ தப்பியது, பிச்சைக்கனி மாட்டினார். அந்தப் பாத்திப் பக்கம் வேறு ஆள் அண்டவில்லை. லீவு கேட்டால் முதலாளி, "நீ போனா செடிக்கு வெள்ளம் ஊத்த ஆரு?" என்பார்.

ஆகவே மகள் இசக்கிசெல்வியைப் பெண்பார்க்க நாகர்கோவில்காரர்களே மலையேறினார்கள். மாப்பிள்ளை செல்வகணேஷுக்குப் பெண்ணைப் பிடித்தது, பெண்ணுக்கும் அப்படியே. பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால், அதாவது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், சம்பந்தம் உறுதி. பிச்சைக்கனியின் மனைவி வடிவம்மாள் இலை போட்டாள். மாப்பிள்ளையின் தாய் முத்தாரம்மாள் இலையைப் பார்த்தாள். பிறகு பிச்சைக்கனியின் கையைப் பார்த்தாள்.

"வர்ற வழியில கல்லாத்துக் கடையில சொன்னாவ, அண்ணாச்சி. உங்க கை பட்டாலே..."

"அது சும்மா விட்ட கதை, மதினி! கையுறை போட்டுத்தான் தொடுவேன். சோப்பு போட்டுக் கழுவுவேன்."

சொன்னதோடு நில்லாமல், ஒரு கவளத்தை விழுங்கியும் காட்டினார்.

"உங்களுக்குத்தான் பழகிப்போச்சே."

வடிவம்மாள் ஒரு வாய் சாப்பிட்டாள்.

"கூடக் குடும்பம் நடத்துறவுகளுக்கும் பழகியிருக்கும்."

இசக்கிசெல்வி இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"அப்பன் ரத்தம்லா ஓடுது!"

பூவுக்காக அவரே கட்டிய பொய்வேலி. இப்போது அவருக்கே வெளியே போக வழியில்லை. கடைசி நம்பிக்கையாக முதலாளியைக் கூட்டிவந்து இலை முன் நிறுத்தினார்.

"சாரே, ஒரு வாய்."

முதலாளி சோற்றைப் பார்த்தார். "எனிக்கு ஷுகராணு" என்று படியிறங்கிவிட்டார்.

காப்பாற்றியவை கொண்டைஊசி வளைவுகள்தான். வரும் வழியெல்லாம் வாந்தியெடுத்து வயிறு காலியாகியிருந்த செல்வகணேஷ் பொத்தென்று உட்கார்ந்தான். "செத்தாலும் இங்கயே சாவுதேன்ம்மா. சாம்பார் ஊத்துங்க, அத்தை."

சாயங்காலம் வரை முத்தாரம்மாள் மகனின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவன் மூன்றாம் முறை பாயசம் கேட்டபிறகு சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு.

"தாரை வார்க்கும்போது அண்ணாச்சி கையுறை போட்டுக்கிடணும்."

பிச்சைக்கனி தலையாட்டினார்.

படியடியிலிருந்து முதலாளி எட்டிப்பார்த்தார். "கல்யாணம் எவிடெ?"

"இங்கதான் சாரே" என்றார் பிச்சைக்கனி. "பாத்திக்குப் பக்கத்துல."

பட்டு வேட்டிக்குப் பொருத்தமான நிறத்தில் கையுறை கிடைக்குமா என்று வடிவம்மாள் விதுரா கடைகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.