கண்மாய் உடைந்த பாட்டுக்கு ஒரு சுவர்

1993, மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை எட்டரைக்கு அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் இறங்கினேன். மதுரையிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கையில் தகர டப்பா நிறைய வண்ணப்பொடி.

நான் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. என் தோழி சரோஜா திருச்சுழிக்கு அப்பால் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறாள். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் ஊர்ப் பாட்டுகளைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், அவற்றைப் பள்ளிச் சுவரில் படமும் எழுத்துமாக ஏற்ற வேண்டும், நீ வா என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஊர்ப் பெயரை மட்டும் இங்கே சொல்லாமல் விடுகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

திருச்சுழி பஸ்ஸில் டிக்கெட் இரண்டு ரூபாய். கண்டக்டர் டப்பாவைப் பார்த்தார்.

"என்னம்மா அது, கோயில் வேலையா?"

"பள்ளிக்கூடத்துக்கு. வண்ணப்பொடி."

"அப்ப மடியில வச்சுக்கங்க. கீழ சாஞ்சா மொளகா மூடையெல்லாம் நீலமாயிரும்."

ஊரைத் தாண்டியதும் இருபுறமும் கரிசல். கொத்தமல்லிச் செடியை அறுத்துத் தார்ச்சாலையில் பரப்பியிருந்தார்கள், வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று. பஸ் அதன்மேல் ஓடும்போதெல்லாம் பச்சை மல்லி வாசம் ஜன்னல் வழியாகக் குப்பென்று ஏறியது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இப்படி மணக்க மணக்கப் போனது அதுதான் முதல் தடவை.

பத்தரை மணிக்குப் பள்ளி. வெள்ளையடித்த நீளச் சுவர் ஒன்று காத்திருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காவிக்கல்லை இடித்துச் சலித்து வைத்திருந்தார்கள். கரி இருந்தது, மஞ்சள் இருந்தது. பனை மட்டையின் நுனியை நசுக்கித் தூரிகை செய்திருந்தார்கள்; நான் கொண்டுபோன கடைத் தூரிகையைவிட அது பட்டையாகக் கோடு இழுத்தது.

சுவரின் நடுவில் எதை வைப்பது என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் கண்மாய்ப் பாட்டு என்றார்கள். அந்தக் காலத்தில் ஊர் ஏரியின் கரை உடைந்த கதை அது. அதைக் கொடுத்தவர் மாரியம்மாள். பகலில் மிளகாய் பறித்துவிட்டு, சாயங்காலம் அதே பள்ளியில் நடந்த அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தவர். பிள்ளைகளே பாடிக் காட்டினார்கள்:

"கருப்பு மண்ணு கரையப் போட்டு
கண்மாய் காத்தது எங்க சனம் – அந்தக்
காவல் ராத்திரி கண்ண மூடிக்
கரைய விட்டாரு ஆறுமுகம்."

நல்ல கையெழுத்துக்காரி செல்வி. அவள்தான் சுவரில் எழுத வேண்டியவள். முதல் மூன்று அடியை முத்து முத்தாக எழுதியவள், நான்காவது அடியில் நின்றுவிட்டாள்.

"ஆறுமுகம் எங்க அப்பாவோட தாத்தா, டீச்சர்" என்றாள்.

சரோஜாவுக்கும் அது புதுச் செய்தி. ஒரு பெற்றோர் வந்து குறை சொன்னாலும் சுவரை மறுபடி வெள்ளையடித்துவிடுவேன் என்று தலைமையாசிரியர் முதலிலேயே சொல்லியிருந்தார். "வேண்டாம்னா விட்டுருவோம்மா" என்றேன்.

செல்வி முதல் மூன்று அடியை வாய்க்குள் பாடிப் பார்த்தாள். "விட்டா பாட்டு நொண்டுமே" என்று சொல்லிவிட்டுத் தன் கொள்ளுத் தாத்தாவின் பெயரை எழுதி முடித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் சுவரில் கண்மாய் உடைந்து நீலமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அறிவொளிப் பெண்கள் வந்து விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். தன் வாயிலிருந்து வந்த பாட்டைத் தானே படித்த மாரியம்மாள், "இம்புட்டுத்தானா எழுத்து" என்று சிரித்தார்.

அப்போது செல்வியின் அப்பா தங்கராசு கடையைப் பூட்டிவிட்டு வந்தார். ஊருக்குள் அவருடையது ஒன்றுதான் மளிகைக்கடை. சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் நகர்ந்து வழி விட்டார்கள். அவர் நான்கு அடியையும் இரண்டு தரம் படித்தார்.

"யாரு எழுதுனது?"

"நாந்தாம்ப்பா" என்றாள் செல்வி.

"தப்பில்லாம எழுதியிருக்க." பிறகு மாரியம்மாள் பக்கம் திரும்பினார். "அவுக தூங்குனது நெசந்தான், மதினி. நான் இல்லைங்கல. விடிஞ்சதும் மொதக் கூடை மண்ணு அவுக தலையிலதான ஏறுச்சு? உடைப்ப அடைக்கிற வரைக்கும் அவுக வீட்டுப் பக்கம் போகல. அது எந்த அடியில இருக்கு?"

மாரியம்மாள் ஒத்துக்கொண்டார். "எங்கய்யாவும் கூடச் சொமந்தாக. சொல்லித்தான் இருக்காக. ஆனா பாட்டுல அது இல்லையே, தம்பி. இல்லாதத நான் எப்படிச் சேக்க?"

பின்வரிசையிலிருந்து ஜைனம்பு எழுந்தார். கணவர் சவுதியில் வேலை பார்க்க, அவருக்குத் தன் கையாலேயே கடிதம் எழுத வேண்டும் என்று இங்கே எழுத்துக் கற்க வந்தவர். "பாட்டு என்ன வானத்துல இருந்தா விழுந்துச்சு? நம்மள மாதிரி ஒருத்தி கட்டுனதுதான. நாமளும் கட்டுவோம்" என்றார்.

அடுத்த அரை மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். ஒருவர் சொல் எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் தட்டிவிட, எல்லாரும் கைகொட்டிப் பார்த்தார்கள். தாளம் தப்பினால் பிள்ளைகள் சிரித்தார்கள். தங்கராசு நடுவே "கூடைன்னு வந்தா தேவல" என்று கேட்டுப் பார்த்தார், பெண்கள் ஒப்பவில்லை. கடைசியில் மாரியம்மாளே எழுந்து பாடினார்:

"தூங்கின தோளே மண்ணு சொமந்து
உடைஞ்ச கரைய மூடுச்சடி – அந்தத்
தோளு சொமந்த மண்ணு மேலதான்
தண்ணி இன்னைக்கும் நிக்குதடி."

செல்வி தூரிகையை நனைத்தாள். இந்த முறை அவள் கை எங்கும் நிற்கவில்லை. நான் கரையோரமாக மண் சுமக்கும் ஓர் ஆளைக் காவியில் வரைந்தேன். "அவுக இன்னும் ஒசரம்" என்றார் தங்கராசு. கால்களை நீட்டிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திரும்பும் பஸ். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் சிலர் வட்டமாகச் சுற்றிக் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சுவரில் எழுதியதைப் படிக்கக்கூடத் தெரியாத வயது. பாட்டு அதேதான். ஆனால் "மண்ணு சொமந்து" என்ற இடத்தில் அவர்கள் "கூடை சொமந்து" என்று பாடினார்கள்.

திருத்தலாமா என்று எழுந்தேன். மதுரையில் என் மாணவிகள் அச்சடித்த அட்டையைப் பார்த்துக் கிளி வரைவார்கள். அலகு கொஞ்சம் கோணினாலும் நான் அழிக்கச் சொல்வேன். பஸ் கிளம்பிவிட்டது. உட்கார்ந்துகொண்டேன். அருப்புக்கோட்டை வரும்வரை கூடை என்றே நானும் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.